கண்ணும் இல்லை, நாக்கும் இல்லை: வில்லியம் லென்தால் என்ற சபாநாயகரின் கதை

சபாநாயகர் யார் பக்கம் என்ற சர்ச்சை எங்கே எழுந்தாலும், 1642இல் ஓர் ஆங்கிலேயர் சொன்ன பதில் மேற்கோளாக வந்துவிடும். "இந்த இடத்தில் எனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாக்கும் இல்லை, சபை எப்படிப் பணிக்கிறதோ அப்படித்தான். நான் சபையின் ஊழியன்." சொன்னவர் வில்லியம் லென்தால். கேட்டுக்கொண்டு எதிரில் நின்றவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ்.

இந்த வாக்கியத்தை நடுநிலையின் இலக்கணம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. அதில் நடுநிலை என்ற பேச்சே இல்லை. "நான் யாருக்குக் கட்டுப்பட்டவன்" என்ற கேள்விக்கு மட்டுமே அது விடை சொல்கிறது. அந்த விடை எவ்வளவு தூரம் தாங்கும், எங்கே முறியும் என்பதை லென்தாலின் அடுத்த பதினெட்டு ஆண்டுகள் காட்டின. எனவே அந்த நாளை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் பாதிதான் புரியும்.

சபாநாயகர் முதலில் யாருடைய ஆள்?

ஆங்கிலத்தில் அந்தப் பதவியின் பெயருக்கு நேர்ப்பொருள் "பேசுபவர்". யாரிடம் பேசுபவர்? மன்னரிடம். இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் மக்களவையான காமன்ஸ் சபை என்ன முடிவெடுத்தது, எந்த வரிக்குச் சம்மதித்தது, எந்தக் குறையைத் தீர்க்கச் சொல்கிறது என்பதை அரசரின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்வது அவர் வேலை. பிடிக்காத செய்தியைக் கொண்டுபோகிறவனுக்கு என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. 1394க்கும் 1535க்கும் இடையில் சபாநாயகர் பதவியில் இருந்தவர்களில் ஏழு பேர் தலை வெட்டப்பட்டு இறந்தார்கள். எல்லோரும் அந்தப் பதவிக்காகவே சாகவில்லை என்றாலும், அது ஆபத்தான நாற்காலி என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. புதிய சபாநாயகரை இன்றும் இரண்டு உறுப்பினர்கள் கையைப் பிடித்து, அவர் தயங்குவதுபோல் நடிக்க, இழுத்துப்போய் அமர்த்துகிறார்கள்.

நடைமுறையில் வேறொன்றும் இருந்தது. சபாநாயகரைத் தேர்ந்தெடுப்பது சபை என்று பெயர். ஆனால் இன்னார் வரவேண்டும் என்பதை அரண்மனையே முடிவு செய்துவிடும். ஆக அவர் ஒரே சமயத்தில் இரண்டு எஜமானர்களின் வேலைக்காரர். எஜமானர்கள் ஒத்துப்போகும்வரை சிக்கல் இல்லை.

1629 மார்ச் 2 அன்று சிக்கல் வெடித்தது. மன்னர் சபையை ஒத்திவைக்கச் சொன்னார். வரியையும் மதத்தையும் பற்றிய தீர்மானங்களைப் படிக்காமல் கலையமாட்டோம் என்றார்கள் உறுப்பினர்கள். அப்போதைய சபாநாயகர் ஜான் ஃபின்ச் எழுந்து போகப் பார்த்தார். டென்சில் ஹோல்ஸ், பெஞ்சமின் வாலன்டைன் என்ற இரண்டு உறுப்பினர்கள் அவரைப் பிடித்து நாற்காலியில் அழுத்தி வைத்தார்கள். கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டது. ஃபின்ச் கண்ணீரோடு சொன்னது: "உங்கள் ஊழியன் என்பதால் நான் மன்னரின் ஊழியன் இல்லை என்று ஆகிவிடாது."

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லென்தாலின் பதில் இதற்கு நேர் மறுப்பு. ஹோல்ஸின் பெயரும் மறக்க வேண்டாம். இந்தக் கதையில் அவர் மேலும் இரண்டு முறை வருவார்.

ஏன் லென்தால்?

1629க்குப் பிறகு பதினொரு ஆண்டுகள் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கூட்டவே இல்லை. கப்பல் வரி போன்றவற்றை, சபையின் சம்மதம் இல்லாமலேயே, தண்டினார். ஸ்காட்லாந்தில் வழிபாட்டு முறையை மாற்றப்போய்ப் போர் மூண்டது. போரில் தோற்றார். வட இங்கிலாந்தில் வந்து உட்கார்ந்துவிட்ட ஸ்காட்லாந்துப் படைக்கு நாளொன்றுக்கு 850 பவுண்டு கொடுக்க வேண்டிய நிலை. பணம் வேண்டுமென்றால் நாடாளுமன்றம் கூட வேண்டும். 1640 நவம்பர் 3 அன்று கூடியது. வரலாற்றில் நீண்ட நாடாளுமன்றம் என்று பெயர் பெற்றது இதுதான்.

மன்னர் சபாநாயகராக்க நினைத்திருந்தவர் லண்டன் நகர நீதி அதிகாரி தாமஸ் கார்டினர். அவர் தேர்தலிலேயே தோற்றுவிட்டார். அவசரத்தில் கிடைத்தவர் லென்தால். வயது 49. தேம்ஸ் கரையில் ஹென்லி ஊரில் பிறந்தவர். லண்டனில் லிங்கன்ஸ் இன் என்ற வழக்கறிஞர் கழகத்தில் சட்டம் படித்து, வழக்கறிஞர் தொழிலில் நன்றாகச் சம்பாதித்து, பர்ஃபோர்டில் பெரிய மாளிகை வாங்கியவர். உட்ஸ்டாக் தொகுதி உறுப்பினர். அனல் பறக்கப் பேசுபவரும் அல்ல, கலகக்காரரும் அல்ல. காலை எட்டு மணிக்குத் தொடங்கி இருட்டும்வரை நீளும் கூட்டங்களில் அவர் களைத்துப்போனார். தொழில் வருமானமும் போயிற்று. 1641 இறுதியில் தன்னை இந்தப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும்படி மன்னரின் செயலரிடமே கேட்டுப் பார்த்தார். விடுதலை கிடைக்கவில்லை.

இதற்கிடையில் 1641 மே மாதம் ஒரு சட்டம் நிறைவேறியது: இந்த நாடாளுமன்றத்தை அதன் சொந்தச் சம்மதம் இல்லாமல் யாரும் கலைக்க முடியாது. நெருக்கடியில் இருந்த மன்னர் அதற்கும் கையெழுத்திட்டார். லென்தாலின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்தச் சட்டம்தான் சாவி. சில மாதங்களில் முடிந்திருக்க வேண்டிய சபாநாயகர் பதவி இருபது ஆண்டுகள் அவரை விடாமல் துரத்தியதற்கு இதுவே காரணம்.

1642 ஜனவரி 4

ஜான் பிம், ஜான் ஹாம்ப்டன், ஆர்தர் ஹேசல்ரிக், டென்சில் ஹோல்ஸ், வில்லியம் ஸ்ட்ரோட் ஆகிய ஐந்து உறுப்பினர்கள் மீது மன்னர் முதல் நாள் ராஜதுரோகக் குற்றம் சுமத்தியிருந்தார். சபை அவர்களை ஒப்படைக்கவில்லை. எனவே தானே வந்து பிடித்துப்போகப் புறப்பட்டார். கூட வந்தது சுமார் 400 பேர் கொண்ட ஆயுதம் தாங்கிய கூட்டம். செய்தி முன்னதாகவே கசிந்துவிட, ஐவரும் படகேறித் தேம்ஸ் வழியாக நகரத்துக்குள் தப்பிவிட்டார்கள்.

சபை கூடிய இடம் செயின்ட் ஸ்டீபன் சிற்றாலயம். எதிரெதிரே பெஞ்சுகள் போட்ட குறுகலான கூடம். மன்னர் தன் அக்காள் மகனை மட்டும் அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கதவு மூடாதபடி ராக்ஸ்பரோ பிரபு அதில் சாய்ந்து நின்றார். வெளியே நிற்கும் வாளும் துப்பாக்கியும் உள்ளிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். உறுப்பினர்கள் தொப்பியைக் கழற்றி எழுந்து நின்றார்கள். மன்னர் சபாநாயகரின் நாற்காலியைக் கொஞ்ச நேரம் கடன் கேட்டு, அதன்முன் நின்று பேசினார். பிம் இருக்கிறாரா என்று கேட்டார். பதில் இல்லை. லென்தாலிடம் திரும்பினார்: அந்த ஐவரில் யாராவது இங்கே இருக்கிறார்களா? எங்கே?

லென்தால் மண்டியிட்டார். மண்டியிட்டபடிதான் அந்த வாக்கியத்தைச் சொன்னார். வேறு பதில் சொல்ல முடியாததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

"பரவாயில்லை, என் கண்களும் மற்றவர் கண்களைப்போல நன்றாகவே பார்க்கும்" என்றார் மன்னர். பெஞ்சுகளை ஒருமுறை துழாவிவிட்டு, "பறவைகள் எல்லாம் பறந்துவிட்டன" என்று சொல்லி வெளியேறினார். "சிறப்புரிமை! சிறப்புரிமை!" என்ற கூச்சல் அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

இவ்வளவு துல்லியமாக நமக்குத் தெரிவதற்குக் காரணம் உதவிச் செயலர் ஜான் ரஷ்வொர்த். மேசையில் உட்கார்ந்து சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டே இருந்தார். அதைக் கவனித்த மன்னர், அன்று மாலையே ஆள் அனுப்பித் தன் பேச்சின் பிரதியை வாங்கிக்கொண்டார்.

ஆறு நாள் கழித்து, ஜனவரி 10 அன்று, சார்லஸ் லண்டனை விட்டுக் கிளம்பினார். ஆகஸ்ட் 22 அன்று நாட்டிங்ஹாமில் நாடாளுமன்றத்துக்கு எதிராகப் போர்க்கொடி ஏற்றினார்.

அந்த வாக்கியம் என்ன செய்தது?

சட்டம் தெரிந்தவர் சொன்ன வாக்கியம் அது. மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம்.

1. "கண்ணும் நாக்கும் இல்லை." ஐவர் இல்லை என்று அவர் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. அவைக்குள் பார்த்ததும் கேட்டதும் தன் சொந்த அறிவு அல்ல, சபையின் உடைமை என்கிறார். சிறப்புரிமை என்ற கருத்தின் வேர் இது: உள்ளே நடந்ததை வெளியாள் கேட்டுப் பெற முடியாது, அவர் அரசராகவே இருந்தாலும்.

2. "இந்த இடத்தில்." வெளியே அவர் மன்னரின் குடிமகன், அதனால்தான் மண்டியிட்டார். உள்ளே, அந்தப் பதவியில், வேறு எஜமானர். மரியாதை மன்னருக்கு, கீழ்ப்படிதல் சபைக்கு.

3. "நான் சபையின் ஊழியன்." ஃபின்ச் சொன்ன இரட்டை ஊழியம் இங்கே ஒற்றையாகிவிட்டது.

நல்ல பதில்தான். ஆனால் மூன்றாவது பகுதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. சபை எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாத நாளில் சொன்ன வார்த்தை அது. சபையே இரண்டாக, நாலாகப் பிளந்தால் ஊழியன் யார் சொல்லைக் கேட்பான்?

சபை எது? நான்கு முறை எழுந்த கேள்வி

*1647.* முதல் உள்நாட்டுப் போரில் மன்னர் தோற்றுவிட்டார். வென்ற தரப்பு இரண்டாகப் பிரிந்தது: மன்னரோடு சீக்கிரம் சமரசம் செய்து நாடாளுமன்றப் படையைக் கலைக்க விரும்பியவர்கள் ஒருபுறம், படையும் அதன் ஆதரவாளர்களும் மறுபுறம். ஜூலை 26 அன்று லண்டன் தொழிற்பயிலுநர்கள் கும்பலாகக் காமன்ஸ் சபைக்குள் புகுந்தார்கள். வெளியேற முயன்ற லென்தாலைத் திரும்பவும் நாற்காலியில் தள்ளி உட்காரவைத்து, மன்னரை லண்டனுக்கு அழைக்கும் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடச் செய்தார்கள். 1629இல் ஃபின்ச்சுக்கு நேர்ந்ததேதான், இந்த முறை வெளியாட்கள் கையால்.

சில நாட்களில் லென்தால் ஐம்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு படை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். லண்டனில் மிஞ்சியவர்கள் ஹென்றி பெல்ஹம் என்பவரைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுத்துச் சபையை நடத்தினார்கள். இப்போது எது நாடாளுமன்றம்? ஆகஸ்ட் 6 அன்று படைத்தலைவர் ஃபேர்ஃபாக்ஸின் வீரர்கள் சூழ லென்தால் திரும்பி வந்து அமர்ந்தார். அவர் இல்லாத நாட்களில் நிறைவேறியவை செல்லாது என்று அதே மாதம் ஆணை பிறந்தது. சபாநாயகர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் சபை என்று ஆகிவிட்டது. ஊழியன் போன திசையே சபையின் திசையாயிற்று. அந்தத் திசையைக் காட்டியது துப்பாக்கி.

*1648–49.* டிசம்பர் 5 அன்று, மன்னரோடு பேச்சைத் தொடரலாம் என்று சபை 129க்கு 83 என்ற கணக்கில் முடிவெடுத்தது. மறுநாள் காலை கர்னல் தாமஸ் பிரைட் கையில் பட்டியலோடு படிக்கட்டில் நின்று, வேண்டாத உறுப்பினர்களைத் திருப்பி அனுப்பினார். நாற்பதுக்கும் மேற்பட்டோரைச் சிறைப்பிடித்தார். எஞ்சிய சிறு சபைக்கு "ரம்ப்", அதாவது வால்பகுதி, என்று பெயர் ஒட்டிக்கொண்டது. மன்னர் ஐந்து பேரைப் பிடிக்க வந்தபோது எழுந்த "சிறப்புரிமை" என்ற குரல், நூற்றுக்கும் மேற்பட்டோரை ஒரு கர்னல் தடுத்தபோது நாற்காலியிலிருந்து எழவில்லை. லென்தால் உள்ளே போய் உட்கார்ந்தார். என் பார்வையில் அவர் வாழ்க்கையின் மிகப்பெரிய சறுக்கல் இதுதான். அன்று காலை அவர் வீட்டிலேயே இருந்திருந்தால், 1647இன் தர்க்கப்படி, அது சபையே ஆகியிருக்காது.

1649 ஜனவரி 4 அன்று அந்த ரம்ப் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: நியாயமான அதிகாரம் அனைத்துக்கும் கடவுளுக்கு அடுத்து மக்களே மூலம், மக்கள் தேர்ந்த காமன்ஸ் சபைக்கே நாட்டின் உச்ச அதிகாரம். மன்னர் ஐவரைத் தேடி வந்த அதே தேதி, ஏழு ஆண்டுகள் கழித்து. மன்னரை விசாரிக்கும் கேள்வியை வாக்கெடுப்புக்கு விட்டவர் லென்தால்தான். விசாரணை மன்றத்தில் அவர் அமரவில்லை, மரண ஆணையில் கையெழுத்தும் இடவில்லை. ஜனவரி 30 அன்று சார்லஸின் தலை விழுந்தது.

மன்னர் போன பிறகு வெளிநாட்டு அரசுகளுக்குப் போகும் கடிதங்களில் சபாநாயகரின் கையெழுத்து இடம்பெற்றது. உயிரும் அவர் கையில் வந்தது: அந்த மார்ச் மாதம் நார்விச் பிரபு கோரிங்கின் மரண தண்டனையை நிறுத்தலாமா என்ற வாக்கெடுப்பு சமநிலையில் நிற்க, லென்தாலின் ஓட்டுதான் அவரைக் காப்பாற்றியது.

*1653.* ஏப்ரல் 20 அன்று நாடாளுமன்றப் படையின் தலைவர் ஆலிவர் க்ராம்வெல் துப்பாக்கி வீரர்களை உள்ளே அழைத்து ரம்பைக் கலைத்தார். பலவந்தப்படுத்தினால் ஒழிய இறங்கமாட்டேன் என்றார் லென்தால். தளபதி ஹாரிசன் கைகொடுத்து இறக்கிவிட்டார். அதே லென்தால் அடுத்த ஆண்டே, ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்ட க்ராம்வெல் கூட்டிய நாடாளுமன்றத்தில் சபாநாயகர் ஆனார். 1658இல் க்ராம்வெல் அமைத்த மேல்சபைக்குத் தன்னை அழைக்கவில்லை என்று குறைப்பட்டு, அழைப்பையும் வாங்கிக்கொண்டார்.

*1659.* க்ராம்வெல் இறந்த பிறகு ரம்ப் மீண்டும் கூடியது. லென்தாலுக்கு வயது 67. உடல்நலமில்லை, திருவிருந்துக்கு மனத்தைத் தயார்செய்ய வேண்டும் என்று பல காரணம் சொல்லிப் பார்த்துவிட்டு வந்து அமர்ந்தார். படைத்தலைவர்கள் மறுபடி ராணுவ ஆட்சி நடத்தாதபடி, அதிகாரிகளின் நியமன ஆணைகள் சபாநாயகர் கையெழுத்தில்தான் வரவேண்டும் என்று சபை விதித்தது. ஏட்டளவில் லென்தால் படையின் தலைவர்.

அக்டோபர் 13 அன்று லாம்பர்ட் என்ற தளபதியின் வீரர்கள் அவருடைய கோச்சு வண்டியை மறித்தார்கள். நான் உங்கள் ஜெனரல் என்றார். "வின்னிங்டன் பாலத்தில் எங்களுக்கு முன்னால் நடந்து வந்திருந்தால் உங்களை அடையாளம் தெரிந்திருக்கும்" என்று பதில் வந்தது. இரண்டு மாதம் முன்பு அவர்கள் சண்டையிட்டு வென்ற இடம் அது. வண்டி திரும்பிற்று. டிசம்பர் கடைசியில் காற்று மாறியது. படைவீரர்கள் சான்சரி லேனில் அவர் வீட்டு வாசலுக்கே அணிவகுத்து வந்து அவரைத் தலைவராக ஏற்றார்கள்.

1660: சாட்சிக் கூண்டில்

மன்னராட்சி திரும்பியது. கொல்லப்பட்ட மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸுக்கு லென்தால் 3,000 பவுண்டு அனுப்பி, தன் நீதித்துறைப் பதவியைத் தக்கவைக்கப் பார்த்தார். பலிக்கவில்லை. ஆனால் மன்னராட்சி திரும்ப வழிசெய்த தளபதி மங்க் பரிந்துபேச, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று: இனி அரசுப் பொறுப்பு எதுவும் வகிக்கக் கூடாது என்ற தடையோடு விட்டார்கள்.

அந்த அக்டோபரில் மன்னரின் மரணத்துக்குக் காரணமானவர்கள் மீது விசாரணை நடந்தது. அவர்களில் ஒருவர் தாமஸ் ஸ்காட், ரம்ப் உறுப்பினர். மன்னரைக் கொன்றது சரியே என்று சபைக்குள் அவர் பேசினார் என்பதை நிரூபிக்க அரசுத் தரப்பு அழைத்த சாட்சிகளில் ஒருவர் லென்தால். சபைக்குள் பேசியதை வெளியே சாட்சியமாக்கக் கூடாது, அது சிறப்புரிமை என்று ஸ்காட் வாதாடினார். 1642இன் வாக்கியத்தில் இருந்த அதே சட்டக் கருத்து. ராஜதுரோகத்துக்குச் சிறப்புரிமை இல்லை என்றது நீதிமன்றம். கண்ணும் நாக்கும் இல்லை என்றவர், கண்டதையும் கேட்டதையும் சொன்னார். ஸ்காட்டுக்கு அக்டோபர் 17 அன்று தண்டனை நிறைவேறியது.

உயிருக்குப் பயந்த முதியவர் என்று இரங்கலாம், நானும் இரங்குகிறேன். ஆனால் 1642 வாக்கியத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தக் காட்சியையும் சேர்த்தே காட்ட வேண்டும். அன்று மன்னருக்கு மறுத்ததை, இன்று மன்னரின் வழக்கறிஞருக்குக் கொடுத்தார். ஒரு மனிதரின் துணிச்சலை மட்டும் நம்பி நின்ற உரிமை, அந்தத் துணிச்சல் தீர்ந்த அன்று யாரையும் காக்கவில்லை.

பின்னால் என்ன ஆயிற்று?

அதனால்தான் அடுத்த தலைமுறை அதை எழுத்தில் வைக்க முனைந்தது. 1629இல் சபையில் பேசியதற்கும் ஃபின்ச்சைப் பிடித்து வைத்ததற்குமாக ஹோல்ஸ், வாலன்டைன், மற்றோர் உறுப்பினரான ஜான் எலியட் ஆகியோருக்கு நீதிமன்றம் தண்டனை விதித்திருந்தது. எலியட் சிறையிலேயே இறந்தார். அந்தத் தீர்ப்பை, பிரபுவாகிவிட்ட அதே ஹோல்ஸ் முன்னெடுக்க, 1668இல் பிரபுக்கள் சபை தள்ளுபடி செய்தது. 1689 உரிமைச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, நாடாளுமன்றப் பேச்சையும் விவாதத்தையும் வெளியே எந்த நீதிமன்றமும் கேள்விக்கு உள்ளாக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

இந்திய அரசமைப்பின் 105ஆம் பிரிவிலும், மாநில சட்டமன்றங்களுக்கான 194ஆம் பிரிவிலும் இருக்கும் பாதுகாப்பு இதன் வழிவந்ததுதான். 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம்வரை அந்தப் பிரிவுகளில் பிரிட்டனின் காமன்ஸ் சபை என்ற பெயரே நேரடியாக இருந்தது. லண்டனிலோ, ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் அரசரின் தூதுவர் உறுப்பினர்களை அழைக்க வரும்போது காமன்ஸ் சபையின் கதவு அவர் முகத்துக்கு நேரே அறைந்து சாத்தப்படுகிறது. 1642க்குப் பிறகு எந்த மன்னரும் அந்தச் சபைக் கூட்டத்துக்குள் நுழைந்ததில்லை.

லென்தால் 1662 செப்டம்பர் 3 அன்று பர்ஃபோர்டில் இறந்தார். மரணப் படுக்கையில் குருவானவரிடம், பைபிளில் ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் ஆடைகளைக் காத்துநின்ற சவுலோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டார்; ஆனால் சவுலைப்போலத் தான் அந்தக் கொலைக்குச் சம்மதிக்கவில்லை என்றார். மன்னரை விசாரிக்கும் கேள்வியை வாக்குக்கு விட்டபோது, பெரும்பான்மையினர் எதிர்த்து அது தோற்றுப்போகும் என்று நம்பியதாகவும் சொன்னார். கல்லறையில் நினைவுச்சின்னம் வேண்டாம், வைத்தே ஆகவேண்டுமென்றால் வெறும் கல்லில் லத்தீனில் இரண்டே சொற்கள் போதும் என்று எழுதிவைத்தார்: "வெர்மிஸ் சும்." நான் ஒரு புழு.